ஆன் ஆகாத பிபிசி மைக்ரோ: சப்ளை பெட்டியில் தொடங்கி 6502 வரை

பரணிலோ ஸ்டோர் ரூமிலோ வருடக்கணக்காகக் கிடந்த பிபிசி மைக்ரோ கைக்கு வந்தால் முதலில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: "ஓடுதா பார்ப்போம்" என்று ப்ளக்கைச் செருகுவது. இதன் பவர் சப்ளையில் உள்ள இரண்டு கெபாசிட்டர்களுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. கரண்ட் பட்ட சில நிமிடங்களில் அவை வெடித்துப் புகைவிடுவது வாடிக்கை. யாரோ ஏற்கெனவே செருகிப் பார்த்து "ஆன் ஆகலை" என்று கைமாற்றிய பெட்டியாக இருந்தாலும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி இது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502ஏ ப்ராசசர். மாடல் ஏ-வில் 16 கிலோபைட் ரேம், மாடல் பி-யில் 32. இந்தியாவில் 1984-85ல் தொடங்கிய 'கிளாஸ்' பள்ளிக் கணினித் திட்டம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதையே கொடுத்தது. அதனால் நம் ஊரிலும் இவை அவ்வப்போது கண்ணில் படும். பிரிட்டிஷ் 240 வோல்ட்டுக்குச் செய்தது என்பதால் நம் 230 வோல்ட்டில் நேராக ஓடும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம்.

இந்தப் பதிவில் வருவது மாடல் பி, உள்ளே ஆஸ்டெக் ஸ்விட்ச்-மோடு சப்ளை. ஸ்விட்சைப் போட்டால் கீபோர்டின் இடது மூலையில் இருக்கும் மூன்று எல்இடிகளில் ஒன்றுகூட எரியவில்லை, ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. சப்ளை பெட்டிக்குக் காதைக் கொடுத்தால் மட்டும் மெல்லிய 'டிக்… டிக்… டிக்'. இந்த டிக் சத்தத்தை மறக்க வேண்டாம். பாதி நோயை அதுவே சொல்லிவிடுகிறது. மிகப் பழைய பெட்டிகளில் ஸ்விட்ச்-மோடுக்குப் பதில் கறுப்பு உறை போட்ட லீனியர் சப்ளை இருக்கும். கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது. அதைச் சரிசெய்வதைவிட மாற்றிவிடுவது நல்லது; அளவுக்கு மீறிச் சூடாகும்.

பிரிப்பது

ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் ப்ளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கிவிட வேண்டும். மேல்மூடியை நான்கு திருகுகள் பிடித்திருக்கின்றன: பின்புறம் இரண்டு, அடியில் முன்பக்கம் இரண்டு. பக்கத்திலேயே 'ஃபிக்ஸ்' என்று எழுதியிருக்கும். மூடி வந்ததும் இடது பக்கத்தில் உலோகப் பெட்டியாக நிற்பதுதான் சப்ளை. அதை அடிப்பலகையோடு சேர்த்துப் பிடிப்பவை கீழே இருந்து வரும் மூன்று திருகுகள்.

சப்ளையில் இருந்து மெயின் போர்டுக்கு ஏழு வயர்கள் போகின்றன. சிவப்பு மூன்று +5 வோல்ட், கறுப்பு மூன்று 0 வோல்ட், ஊதா ஒன்று -5 வோல்ட். ஏழும் ஒரே மாதிரியான ஸ்பேடு கனெக்டர்கள். தப்பான இடத்தில் செருகினால் தடுப்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. இந்தக் கணினியின் வடிவமைப்பில் மன்னிக்க முடியாத விஷயம் இதுதான். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகிவிட்டால் போர்டில் இருக்கும் ஐசிக்கள் (சிப்புகள்) மொத்தமாகப் போகும். கழற்றும் முன் நல்ல வெளிச்சத்தில் இரண்டு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுவதும் உபத்திரவம் இல்லை. கனெக்டரை மூக்கு பிளையரால் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் போர்டில் உள்ள தகடு ஆட்டம் காணும்.

சப்ளையைக் கழற்றியதும், போர்டில் +5-க்கும் 0-க்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்க்கலாம். பல பத்து ஓம்கள் காட்டினால் பயமில்லை. 1 ஓமுக்குக் கீழே இறங்கினால் போர்டில் ஷார்ட். டாண்டலம் கெபாசிட்டரோ ஐசியோ போயிருக்கிறது என்று பொருள். இந்தப் போர்டில் 60-ஐ ஒட்டிக் காட்டியது. ஆகவே குற்றவாளி சப்ளைதான் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

பெட்டிக்குள் 325 வோல்ட்

ஸ்விட்ச்-மோடு சப்ளை மெயின்ஸை நேராக டயோடு பிரிட்ஜில் விட்டு டிசி ஆக்கிக்கொள்கிறது. 230-ஐ 1.414 ஆல் பெருக்கினால் 325 வோல்ட். அந்த மின்சாரம் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் சேமிக்கப்பட்டிருக்கும். ஓடும் சப்ளையில் இது ஆஃப் செய்ததும் தானாக வடிந்துவிடும். ஓடாத சப்ளையில் வடிய வழியில்லை, ப்ளக்கைப் பிடுங்கி வெகுநேரம் கழித்தும் இருக்கும். செத்த சப்ளைதான் ஓடும் சப்ளையைவிட ஆபத்து என்பதை இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை.

வடிக்க ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்வது கூடாது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரைப் பற்றவைத்துக்கொண்டு, கெபாசிட்டரின் இரு கால்களிலும் பத்து விநாடி பிடித்தால் போதும். கெபாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் என்றால் ஒரு விநாடிக்கு மூன்றில் ஒரு பங்காக இறங்கும். பிறகு மீட்டரை டிசி 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின்தான் கையை வைக்க வேண்டும். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை பார் என்று பழைய டிவி மெக்கானிக்குகள் சொல்வது இந்த இடத்துக்குத்தான்.

வெடிக்கும் இரண்டு

மூடியைத் திறந்ததும் மெயின்ஸ் வயர் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற உறையோடு இரண்டு சதுரக் கெபாசிட்டர்கள் தெரியும். மேலே 'ரிஃபா' என்று அச்சிட்டிருக்கும். பெரியது சி1, 100 நானோஃபாரட். சிறியது சி2, 10 நானோஃபாரட். இரண்டும் எக்ஸ்2 ரகம், அதாவது லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நின்று இரைச்சலை வடிகட்டுபவை.

கொஞ்சம் கிட்டத்தில் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உறையில் மயிரிழை போலக் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் ஓடும். உள்ளே இருப்பது உலோகம் பூசிய காகிதம். வெடிப்பு வழியாக ஈரக்காற்று காகிதத்தில் ஏறுகிறது. பிறகு மெயின்ஸ் வோல்டேஜ் பட்டதும் கசிவு மின்சாரம் ஓடி, சூடாகி, காகிதம் கருகி, உறை பிளந்து அடர்ந்த வெள்ளைப் புகை வரும். நாற்றம் இரண்டு நாளைக்கு அறையை விட்டுப் போகாது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் கிடந்த பெட்டி என்றால் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று. இந்த இரண்டும் வெடித்ததால் மட்டும் கணினி ஆன் ஆகாமல் போவதில்லை. இவை வடிகட்டிகள்தான், கழற்றி எறிந்துவிட்டு ஆன் செய்தாலும் சப்ளை ஓடும். புகை வந்தபிறகும் திரையில் பேசிக் (இந்தக் கணினியின் நிரல் மொழி) ஓடிக்கொண்டிருப்பதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். ஷார்ட்டாகி ப்ளக் ஃப்யூஸை எடுத்துக்கொண்டு போனால்தான் முழு இருட்டு. எனவே "ரிஃபாவை மாத்தியும் ஆன் ஆகலையே" என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அது வேறு பழுது.

மாற்றுவதற்கு 275 வோல்ட் ஏசி அல்லது 310 வோல்ட் ஏசி என்று குறித்த எக்ஸ்2 பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்குமுன் போர்டில் கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளவும். இப்போது சாதாரணமாகக் கிடைப்பவை 10, 15, 22.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும், பழைய ஓட்டைக்கு நேராகப் பொருந்தாமல் போகலாம். கால்களை அழகாக வளைத்து இறக்கலாம், ஆனால் வளைத்த கால் பக்கத்துத் தடத்தில் படக் கூடாது. எக்ஸ்2 முத்திரை இல்லாத 400 வோல்ட், 630 வோல்ட் ஃபில்ம் கெபாசிட்டரை "வோல்டேஜ் அதிகம்தானே" என்று போட்டுவிடாதீர்கள். எக்ஸ்2 ரகம் மெயின்ஸில் வரும் திடீர் உச்சங்களைத் தாங்கி, பழுதானாலும் தீப்பிடிக்காதபடி சோதிக்கப்பட்டது. மற்றதற்கு அந்த உத்தரவாதம் இல்லை. லைனில் இருந்து எர்த்துக்குப் போகும் சிறு கெபாசிட்டர்கள் ஒய் ரகம். அந்த இடத்தில் எக்ஸ் ரகம் போடவே கூடாது. அது ஷார்ட்டானால் உடம்பில் அடிக்கும்.

ஏற்கெனவே வெடித்திருந்தால் போர்டிலும் மூடியின் உட்புறத்திலும் பழுப்பு நிறப் பிசின் ஒட்டியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். துடைக்காமல் விட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெயின்ஸ் தடங்களுக்கு இடையே கசிவை உண்டாக்கும்.

டிக் சத்தத்தின் வேர்

'டிக் டிக்' என்றால் சப்ளை செத்துவிடவில்லை. எழுந்து நிற்கப் பார்க்கிறது, நிற்க முடியாமல் விழுகிறது, மறுபடி எழுகிறது. காரணம் இரண்டில் ஒன்று: வெளியே ஷார்ட் இருப்பதால் தாங்க முடியவில்லை, அல்லது உள்ளே ஆஸிலேஷனை (சப்ளையை ஓட்டும் வேகமான துடிப்பை) தொடர்ந்து ஓட்டவேண்டிய கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. போர்டைக் கழற்றியபிறகும் டிக் கேட்டால் இரண்டாவது என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. இந்த வகை சப்ளைகள் லோடே இல்லாமல் ஓட்டினாலும் இப்படித்தான் துடிக்கும். அதனால் போலி லோடு ஒன்று அவசியம்.

4.7 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர்கள் இரண்டை இணையாகக் கட்டி +5-க்கும் 0-க்கும் இடையே போடுங்கள். 2.35 ஓம் ஆகும், 2.1 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்தேகால் வாட்டுக்கு மேல் சூடு. தொட்டால் சுடும், ஒரு ஓட்டுத் துண்டின் மேல் வைத்துவிடலாம். காரின் 12 வோல்ட் பல்பை லோடாகப் போடும் பழக்கம் உண்டு. இங்கே அது சரிவராது. குளிர்ந்த பல்பின் ஓம் மிகக் குறைவு. முதல் நொடியில் அதுவே ஷார்ட் மாதிரி நடந்துகொண்டு நல்ல சப்ளையையும் டிக் அடிக்க வைக்கும்.

இந்தப் பெட்டியில் லோடு போட்டும் டிக் நிற்கவில்லை. அடுத்து பார்க்க வேண்டியது சி9. முதன்மைப் பக்கத்தில் (மெயின்ஸோடு சேர்ந்த பக்கம்), சூடாகும் பாகங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் 220 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் அது. பார்ப்பதற்குச் சுண்டுவிரல் நுனி அளவுதான். மேலே உப்பல் இல்லை, கீழே கசிவு இல்லை, புதிதுபோல் இருக்கும். ஆஸ்டெக் சப்ளைகளில் ஆன் ஆகாமல் போவதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். கழற்றி அளந்ததில் 38 மைக்ரோஃபாரட், ஈஎஸ்ஆர் (கெபாசிட்டருக்கு உள்ளேயே இருக்கும் தடை) 14 ஓம். புதியது இதே அளவில் அரை ஓமுக்கும் கீழே காட்டும். சில சமயம் கெபாசிட்டன்ஸ் 200-க்கு மேல் சரியாகவே காட்டும், ஈஎஸ்ஆர் மட்டும் ஐந்து, பத்து ஓம் என்று ஏறியிருக்கும். சாதா மல்டிமீட்டரின் கெபாசிட்டன்ஸ் ரேஞ்சை நம்பி "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப மாட்டிவிடுவது இதனால்தான் நடக்கிறது. ஈஎஸ்ஆர் மீட்டர் இல்லையென்றால் அளப்பதை விட்டுவிட்டு நேராக மாற்றிவிடலாம், விலை பத்து ரூபாய் சமாச்சாரம்.

புதியது 220 மைக்ரோஃபாரட், 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் வகையாக இருக்கட்டும். 10 வோல்ட்டுக்குப் பதில் 16 அல்லது 25 வோல்ட் போடலாம், இடம் இருக்கிறது. மைனஸ் பட்டை எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கழற்றுமுன் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய ஈயம் லேசில் உருகாது. கொஞ்சம் புது ஈயத்தை மேலே ஏற்றி, பிறகு உறிஞ்சினால் சுத்தமாக வரும். ஒரே பக்கத் தடம் என்பதால் சூடு அதிகம் காட்டினால் செப்புத் தடம் பெயர்ந்துவிடும். 350 டிகிரியில் மூன்று விநாடிக்கு மேல் போக வேண்டாம்.

வெளிப்பக்கத்து (+5, +12 தரும் பக்கத்து) எலெக்ட்ரோலிட்டிக்குகளையும் அப்போதே மாற்றுவதா? போர்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது என்றாலும், அவை அளவில் சரியாக இருந்தால் அவசரம் இல்லை. 325 வோல்ட் பெரிய கெபாசிட்டரைத் தேவையின்றி மாற்ற வேண்டாம். அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

சத்தமே இல்லாமல் சப்ளை முழுதாகச் செத்துக்கிடந்தால் பாதை வேறு. உள்ளே இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். கண்ணாடி கறுத்து வெள்ளிப் பூச்சு அடித்த மாதிரி இருந்தால் பெரிய ஷார்ட். டயோடு பிரிட்ஜையும் ஹீட்சிங்க்கில் உள்ள ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் டயோடு ரேஞ்சில் சோதியுங்கள். டயோடுகள் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். இரு திசையிலும் சுழியம் வந்தால் ஷார்ட். டிரான்சிஸ்டரில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே சுழியம் என்றால் அது போய்விட்டது. பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சிறு ரெசிஸ்டர்களையும் கூடவே அழைத்துக்கொண்டு போயிருக்கும். ஃப்யூஸ் நன்றாக இருந்து, பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் சுமாருக்கு நின்று, வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் ஆஸிலேஷனைத் தொடங்கிவைக்கும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர் திறந்துபோயிருக்கலாம். நாற்பது வருடமாக முந்நூறு வோல்ட்டைத் தாங்கியவை மதிப்பு ஏறிப்போவது சகஜம். ஒரு காலைத் தூக்கி அளந்து, வண்ணப் பட்டையோடு ஒப்பிடவும்.

முதல் கரண்ட்: சீரிஸ் பல்பு வழியாக

சரிசெய்த சப்ளையை நேராக மெயின்ஸில் கொடுக்கக் கூடாது. 60 வாட் குண்டு பல்பை லைனில் சீரிஸாக வைத்து அதன் வழியே கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை சூடாகி ஓம் ஏறுவதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி: பெரிய கெபாசிட்டர் நிரம்பியது, அதன்பின் மின்சாரம் அதிகம் ஓடவில்லை. பிரகாசமாகவே எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, உடனே அணைக்கவும். துளியும் மினுங்காவிட்டால் ஃப்யூஸ், ஸ்விட்ச், வயர் எங்கோ அறுந்திருக்கிறது. முழு லோடோடு பார்க்கும்போது 60 வாட் பல்பே வோல்டேஜைக் குடித்து சப்ளையைத் துடிக்க வைக்கலாம். அதைப் பழுது என்று எண்ணிவிடாமல் 100 வாட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதன்மைப் பக்கத்தில் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை எங்கேயும் மாட்டாதீர்கள். அந்தப் பக்கத்து மைனஸ் எர்த் இல்லை, மெயின்ஸோடு சேர்ந்தது. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டினால் சப்ளையும் போகும், ஸ்கோப்பும் போகும்.

சி1, சி2, சி9 மூன்றையும் மாற்றியபின் இந்தப் பெட்டியில் லோடோடு கிடைத்த அளவுகள்: +5 பக்கம் 5.06, -5 பக்கம் -5.1, +12 பக்கம் 12.1. சப்ளையின் தரக் குறிப்பு +5 வோல்ட்டில் 3.75 ஆம்பியர், +12-ல் 1.25 ஆம்பியர், -5-ல் 0.1 ஆம்பியர். +12 மெயின் போர்டுக்குப் போவதே இல்லை. அது டிஸ்க் டிரைவுக்காக அடிப்பக்கச் சாக்கெட்டுக்கு மட்டும். எனவே +12 வரவில்லை என்பதால் கணினி செத்துக்கிடக்காது. -5 இல்லாவிட்டாலும் பேசிக் வந்துவிடும். ஆர்எஸ்423 (சீரியல்) போர்ட் போன்றவைதான் வேலை செய்யாது. +5 மட்டும் 5.25-ஐத் தாண்டினால் போர்டில் மாட்டாதீர்கள். அந்தக் கால ஐசிக்கள் 7 வோல்ட்டில் உயிரை விட்டுவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோயிருந்தால் சரிசெய்ய முயல்வது வீண். மீன்வெல் ஆர்டி-50ஏ போல +5, +12, -5 மூன்றும் தரும் திறந்த சப்ளையை அதே உலோகப் பெட்டிக்குள் உட்கார வைக்கலாம். கெபாசிட்டர் மட்டும் போயிருக்கும் பெட்டியில் இதைச் செய்வது தேவையில்லாத வேலை. ஐம்பது ரூபாய்க்குள் அசலே ஓடும்.

சப்ளை வந்தது, கணினி வரவில்லை

ஏழு வயரையும் செருகுமுன் சப்ளையைப் போலி லோடோடு தனியாக ஓட்டி ஒவ்வொரு கனெக்டரிலும் என்ன வோல்டேஜ் வருகிறது என்று அளந்துவிட்டு, அணைத்து, போட்டோவைப் பார்த்து மாட்டி, பிறகு ஆன் செய்யலாம். போர்டின் மூன்று +5 இடங்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கனெக்டர் துருவேறி இருந்தால் ஒன்றில் 5.05-ம் இன்னொன்றில் 4.7-ம் வரும். தகட்டைக் கண்ணாடி நார் பேனாவால் தேய்த்து, கனெக்டரை பிளையரால் லேசாக நெருக்கினால் சரியாகும்.

ஆரோக்கியமான பிபிசி மைக்ரோ ஆன் ஆனதும் தாழ்ந்த சுருதியில் ஒரு 'பூ', உடனே மேல் சுருதியில் ஒரு 'பீப்', கேப்ஸ் லாக் விளக்கு, திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. இந்தப் போர்டில் 'பூ' மட்டும் வந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இதுவும் தகவல்தான். சவுண்டு சிப்பான 76489-க்கு ரீசெட் கால் கிடையாது. கரண்ட் வந்ததும் அது பாட்டுக்குக் கத்தத் தொடங்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடத் தொடங்கி அதை அடக்கினால்தான் 'பீப்'. அடங்கவில்லை என்றால் ப்ராசசர் ஓடவில்லை, அல்லது ஓடியும் சவுண்டு சிப்பை எட்ட முடியவில்லை.

மீட்டரும் லாஜிக் ப்ரோபும் (ஒரு கால் மேலே இருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, துடிக்கிறதா என்று காட்டும் பேனா) இருந்தால் 6502-ல் (ஐசி1) வரிசையாகப் பார்த்துவிடலாம். 8-ம் கால் 5 வோல்ட். 1, 21 கிரவுண்ட். 40-ம் கால் ரீசெட். ஆன் செய்த கணத்தில் தாழ்ந்திருந்து பிறகு மேலே போய் நிற்க வேண்டும். 37-ம் கால் க்ளாக். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் துடிப்பைப் பிரித்து இதைத் தருவது வீடியோ யூஎல்ஏ (திரைப் படத்தைக் கவனிக்கும் சிப்), ஐசி6. எனவே க்ளாக் இல்லையென்றால் கிரிஸ்டல் பகுதியையும், ஹீட்சிங்க் ஒட்டிய அந்த ஐசியையும் சந்தேகிக்க வேண்டும். மீட்டரின் ஃப்ரீக்வென்ஸி ரேஞ்சில் 2 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் கவலை வேண்டாம். விஐஏ (கீபோர்டு, பிரிண்டர் போன்றவற்றோடு பேசும் சிப்) போன்ற மெதுவான சிப்புகளைத் தொடும்போதெல்லாம் க்ளாக்கை இழுத்து 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குவது இதன் வழக்கம்.

முக்கியமானது 7-ம் கால், சிங்க். ஒவ்வொரு கட்டளையையும் எடுக்கும்போது அது ஒருமுறை துடிக்கும். இந்தப் போர்டில் க்ளாக் இருந்தது, ரீசெட் மேலே போனது, சிங்க் மட்டும் அசையாமல் கிடந்தது. பழைய என்மாஸ் (NMOS) வகை 6502-க்கு ஒரு குணம்: சில சட்டவிரோதக் கட்டளை எண்களைப் படித்துவிட்டால் அப்படியே உறைந்துவிடும், ரீசெட் கொடுத்தால்தான் மீளும். ஆக ப்ராசசர் குப்பையைப் படித்திருக்கிறது. முதல் கட்டளைகள் வருவது ஐசி51-ல் இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ரோமில் இருந்து. அதைச் சாக்கெட்டில் இருந்து மெதுவாக நெம்பி எடுத்தபோது கால்களில் கறுப்புப் படிந்திருந்தது. அழிப்பான் துண்டால் கால்களைத் தேய்த்து, சாக்கெட்டில் கான்டாக்ட் க்ளீனர் விட்டு, வெட்டுக்குறி சரியான பக்கம் பார்க்கும்படி திரும்ப அழுத்தியதும் 'பூ-பீப்'. பேசிக் ரோமையும் (ஐசி52) அதோடு சேர்த்துத் துடைத்துவிடுவது நல்லது.

சிங்க் துடித்துக்கொண்டிருந்து, தொனி மட்டும் அடங்காவிட்டால் சிஸ்டம் விஐஏ (ஐசி3) மேல் சந்தேகம் போக வேண்டும். சவுண்டும் கீபோர்டும் அதன் வழியாகத்தான் போகின்றன. பிரிண்டர், யூசர் போர்ட் வேலைக்கு இருக்கும் ஐசி69-ம் அதே 6522 விஐஏதான். இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லாத சோதனை.

ஆன் செய்ததும் தொனி, ப்ரேக் விசையை அழுத்தினால் ஒழுங்காக எழுகிறது என்றால் பவர்-ஆன் ரீசெட் பகுதி. ஐசி16, அதாவது 555 டைமரும் அதன் கெபாசிட்டரும். சிஸ்டம் விஐஏ-வின் ரீசெட்டை இந்த 555 மட்டுமே இழுக்கிறது, ப்ரேக் விசை தொடுவதில்லை. இப்போதுதான் கரண்ட் வந்ததா, ப்ரேக் அழுத்தப்பட்டதா என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேறுபடுத்துவதே இதை வைத்துத்தான்.

திரையில் 32கே-வுக்குப் பதில் 16கே என்று வந்தால் ரேமின் ஒரு பாதி போய்விட்டது. ஐசி53 முதல் 68 வரை பதினாறு ரேம் சிப்புகள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு விரல் வைத்துப் பார்த்தால், மற்றவற்றைவிட அதிகம் சுடுவது முதலில் கழற்ற வேண்டியது.

பழைய டிவியைத் தேடி அலைய வேண்டாம். பின்னால் உள்ள பிஎன்சி சாக்கெட்டில் காம்போசிட் வீடியோ வருகிறது. பிஎன்சி-ஆர்சிஏ அடாப்டர் ஒன்று போட்டால் எல்சிடி டிவியின் மஞ்சள் சாக்கெட்டில் கறுப்பு வெள்ளைப் படம் வரும், சோதனைக்கு அது தாராளம்.

மூடும் முன் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து ஓடவிட்டு, சூடேறியபின் +5-ஐ மறுபடி அளக்க வேண்டும். குளிரில் 5.06 காட்டியது சூட்டில் 5.03 என்று இறங்குவது சரி; 4.85-க்குக் கீழே போனால் வெளிப்பக்கத்துக் கெபாசிட்டர்களை மாற்றாமல் விட்டது இப்போது கேட்கிறது. பிரிட்டிஷ் ப்ளக்கோடு வந்த பெட்டி என்றால் ப்ளக்குக்குள் இருக்கும் ஃப்யூஸையும் திறந்து பாருங்கள். 13 ஆம்பியர் போட்டு வைத்திருப்பார்கள். 3 ஆம்பியர் போதும். ப்ளக்கை வெட்டி நம் ஊர் மூன்று முள் ப்ளக் போடுகிறீர்கள் என்றால் பச்சை-மஞ்சள் எர்த் வயர் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். யாராவது வயரை இழுத்தால் கடைசியாகப் பிடுங்கிக்கொள்வது அதுவாக இருக்கும்.